சாண்டரின் அடியில் எத்தனை ஓட்டை?

போன ஆடி மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். வயது இருபதுக்குள்தான் இருக்கும். பஸ் பாடி பட்டறையில் பெயின்டருக்கு உதவி ஆளாம். பையிலிருந்து, உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கும் மெஷினான அஞ்சு இஞ்ச் சாண்டர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெஷினைவிட அவர் முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். இமை முடியெல்லாம் பட்டித் தூள் படிந்து வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணா, இதுக்கு ஒரு தூசிப்பை மட்டும் போட்டுக் குடுங்க. மெஷின்ல ரிப்பேர் ஒண்ணும் இல்லீங்க."

மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த உப்புத்தாளில் ஓட்டையே இல்லை. தாளை உரித்தால் கீழே பேடில், அதாவது தாள் ஒட்டும் வட்டமான அடிப்பாகத்தில், எட்டு ஓட்டை, எட்டும் பட்டித் தூளால் சிமென்ட் பூசினாற்போல் அடைத்திருந்தன. இதற்குப் புதுப் பை மாட்டி என்ன பயன்? பேடுக்கு மேலே இருக்கும் சின்ன விசிறிதான் தூசியை இழுக்கிறது. தாளின் ஓட்டை, பேடின் ஓட்டை, விசிறி, தூசி வெளியேறும் மெஷினின் மூக்கு, பை என்று ஒரே வழி அது. முதல் வாசலே மூடியிருந்தால் தூள் ஓரமாகப் பறந்து மூச்சில்தான் ஏறும். அந்தத் தம்பி ஏழு மாதமாக அப்படித்தான் வேலை செய்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

கரூரில் பவர் டூல்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. நாமக்கல் லாரி பட்டறை, திருச்செங்கோடு போர்வெல் ரிக் பட்டறை ஆட்களும் வருவார்கள். பெரும்பாலும் கை மாறி, ஊர் மாறி வந்த பழைய மெஷின்கள். இவற்றைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், நன்றாக ஓடக்கூடியவைதான். ஆனால் "அஞ்சு இஞ்ச் சாண்டருக்கு ஒரு பேட் குடுங்க" என்று கேட்டு வாங்கினால் பத்துக்கு ஆறு தடவை பொருந்தாது. பொருந்தாததை எப்படியாவது மாட்டிவிடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

முதலில் நேம் பிளேட். மாடல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. ஒரே மாடலைக் கம்பெனிகள் நடுவில் மாற்றிவிடுவார்கள். பேடைப் பிடிக்கும் ஸ்குரூகூட மாறியிருக்கும். டிவால்ட் மெஷினில் மாடல் எண்ணோடு 'டைப் 1', 'டைப் 2' என்று இருக்கும். பாஷில் 0 601 அல்லது 3 601 என்று தொடங்கும் பத்து இட எண் ஒன்று தனியாக இருக்கும். உதிரி பாகத்தை அதை வைத்துத்தான் தேட வேண்டும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பட்டறையில் தின்னர் பட்டுப் பட்டு அந்த எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும்.

ஏற்கெனவே அழிந்துவிட்டதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேடின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சின்ன வயசில் காசை அடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரிதான். ஓட்டைகள் எத்தனை, எந்த வட்டத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரே போல்ட்டா, மூன்று ஸ்குரூவா, நான்கா, எல்லாம் தாளில் பதிந்துவிடும். கடைக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனால் போதும். 125 மி.மீ. பேடில் எட்டு ஓட்டை பரவலானது. 150 மி.மீ. பழையவற்றில் ஆறு ஓட்டை, பின்னால் வந்தவற்றில் அதைவிட அதிகம். இன்னும் பழசாக இருந்தால் தாளைக் கவ்விப் பிடிக்கும் வெல்க்ரோவே இருக்காது, பசைத் தாள் ஒட்டும் வழவழப்பான பேடாக இருக்கும். அதன்மேல் வெல்க்ரோ தாளை ஃபெவிகாலில் ஒட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும்போது அது பிய்ந்து பறக்கும்.

பேடுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பிரேக் ரிங் என்போம். பேட் தன்னிஷ்டத்துக்குச் சுற்றாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. மெஷினை வேலையிலிருந்து தூக்கிப் பிடித்து ஓடவிட்டுப் பாருங்கள். பேட் மெதுவாகச் சுழல வேண்டும். விசிறி மாதிரி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றினால் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு பட்டிமேல் வைத்தால் வட்டமாகக் குழி விழும், கையையும் உதறும். சின்னச் சாமான்தான், ஆனால் பேடை மாற்றுகிற நிறையப் பேர் இதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

பழைய மெஷினுக்கு நான் மறக்காமல் போடச் சொல்வது பேட் சேவர். பேடுக்கும் தாளுக்கும் நடுவே போகும் மெல்லிய வெல்க்ரோ வட்டு அது. அழுத்தி ஓட்டினால் சூட்டில் வெல்க்ரோ கொக்கிகள் உருகி மழுங்கும். சேவர் இருந்தால் அது கெடும், பேட் தப்பிக்கும். பழைய மாடலுக்குப் பேட் கிடைப்பதே அரிது என்கிறபோது இது பெரிய விஷயம். சேவரின் ஓட்டையும் பேடோடு ஒத்துப்போக வேண்டும், அது முக்கியம்.

பையின் வாய் பொருந்தவில்லை என்றால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டாதீர்கள். பாதி நேரம் கழன்றுதான் கிடக்கும். வாய் அளவை வெர்னியர் அளவுகோலில் அளந்து சரியான அடாப்டர் வாங்குங்கள். பை பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுங்கள். மரத்தூள் உள்ள பையோடு இரும்பைத் தேய்க்கவே கூடாது. ஒரு பொறி உள்ளே போனால் போதும், புகைந்துகொண்டே இருந்து ராத்திரி பட்டறை பூட்டியபிறகு பற்றிக்கொள்ளும்.

அடுத்தது கிரைண்டர், அதாவது கையில் பிடித்து இரும்பைத் தேய்க்கும் டிஸ்க் மெஷின். வெல்டிங் போட்ட இடத்தில் புடைத்திருப்பதைத் தேய்க்க நம் பட்டறைகளில் சாண்டர் வேலையைப் பாதி அதுதான் செய்கிறது. நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். ஏழு இஞ்ச் டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் 8,500. அதாவது விளிம்பு மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரைதான் அது தாங்கும். டிஸ்க்கைச் சுற்றி மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றி, ஓட்டை பொருந்த புஷ் என்ற வளையம் வைத்து, ஏழு இஞ்ச் டிஸ்க்கை நாலு இஞ்ச் மெஷினில் மாட்டினால் விளிம்பு 370ஐத் தாண்டிவிடும். அது வெடிக்கும்போது துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரப்பர் பேட், வெல்க்ரோ பேட் எதுவானாலும் முதுகில் ஒரு ஆர்பிஎம் எண், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்ற எண், இருக்கும். அது மெஷினின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள்.

தொலைந்துபோன கார்டுக்குப் புதியது வாங்குவதானால் டிஸ்க் அளவு மட்டும் பார்க்காமல் மெஷினின் கழுத்து விட்டத்தையும் அளங்கள். பழையவற்றில் ஸ்குரூ இறுக்கும் பட்டை, புதியவற்றில் லீவர். மாட்டி இறுக்கியபின் கையால் முறுக்கிப் பார்த்தால் அசையக் கூடாது.

ஊர் விட்டு ஊர் வந்த மெஷின்களில் இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் 110 வோல்ட்டா என்று பாருங்கள். நம் 230இல் செருகினால் ஒரு நிமிஷத்தில் புகை வரும். நேம் பிளேட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் ரெண்டு வயர் போதும். அந்தக் குறி இல்லாத பழைய உலோக பாடி மெஷினுக்கு எர்த் வயர் கட்டாயம். பல மெஷின்களில் யாரோ அதை நறுக்கி ரெண்டு பின் பிளக் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்துவிடுங்கள்.

தொட்டிக்கட்டு வீட்டுக் கதவு, தூண்களைத் தேய்த்துப் புதுசாக்க இப்போது நிறையப் பேர் சாண்டர் வாடகைக்குக் கேட்கிறார்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அப்படிப்பட்ட கதவுக்கு நான் மெஷின் தருவதில்லை. தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் கையில் தேய்க்கச் சொல்வேன். தேய்த்த ஈரக் குழம்பைத் துணியில் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அந்தத் தம்பிக்குப் பை விற்கவில்லை. ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, பிரேக் ரிங் மாற்றி, எட்டு ஓட்டைத் தாள் ஒரு கட்டு கொடுத்தேன். ஓட்டைக்கு நேராக ஓட்டை வைத்து ஒட்டுவது எப்படி என்று அவர் கையாலேயே நாலு தடவை ஒட்டவைத்தேன். என்95 மாஸ்க் ஒன்றை மூக்குத் தகட்டை அழுத்தி மாட்டிவிட்டேன். அவருடைய பழைய பையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினோம். கிழிசல் எதுவும் இல்லை, நன்றாகவே பிடித்தது.