குரலை அனுப்பாத போன்

வாட்ஸ்அப்பில் பேசும்போது சிக்னல் குறைந்தால், எதிர்முனையில் இருப்பவரின் குரல் ஏன் ரோபோ மாதிரி இழுக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல 1995-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் ‘இன்டர்நெட் போன்’ என்ற மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலோன் கோஹன், லியோர் ஹராமதி என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் அது. 486 கணினி, விண்டோஸ், சவுண்ட் கார்டு, மைக், மோடம் எல்லாம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கவும் வேண்டும். போன் நம்பர் என்று எதுவும் கிடையாது, ஐ.ஆர்.சி. அரட்டை சர்வரில் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அன்றைய சவுண்ட் கார்டுகள் பலவற்றால் பதிவதையும் ஒலிப்பதையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. எனவே ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம். இவ்வளவையும் மக்கள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு எண்ணி வைக்க வேண்டியதில்லை.

சாதாரண டிஜிட்டல் தொலைபேசி உங்கள் குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்கள். ஆக நொடிக்கு 64,000 பிட். அன்றைய வீட்டு மோடம் நொடிக்கு 14,400 பிட்டுக்கே மூச்சு வாங்கும். நாலில் ஒரு பங்குக்கும் கீழே குரலைச் சுருக்கியாக வேண்டும். எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொண்டையில் குரல்நாண்கள் துடிப்பதால் எழுவது வெறும் ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய்தான் அதை ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் ஆக்குகிறது. நாக்கு என்ன வேகத்தில் புரண்டாலும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தக் குழாயின் வடிவம் பெரிதாக மாறிவிடாது. ஆகவே குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டிலும் குழாய் ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. அப்படி நிற்கும்போது, அடுத்து வரப்போகும் அளவை அதற்கு முந்தைய எட்டுப் பத்து அளவுகளிலிருந்தே ஓரளவு ஊகித்துவிடலாம். ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஊகத்தில் வரும் பிழை மிகக் குறைவாக இருக்கும்படி அந்தப் பெருக்கும் எண்களைக் கண்டுபிடிப்பது, பள்ளியில் போட்ட ஒருங்கமைச் சமன்பாடுதான். அங்கே இரண்டு மாறிகள், இங்கே பத்து.

இப்படிக் கிடைத்த எண்களை இன்னொரு விதமாக மாற்றி எழுதிப் பார்த்தால், அகலம் வேறுபட்ட சிறு குழாய்த் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒலி எவ்வளவு திரும்பி அடிக்கும் என்று சொல்லும் விகிதங்களாக அவை வந்து நிற்கின்றன. கணக்குக்கு வாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாம் கொடுத்தது வெறும் எண் வரிசை. அது வாயின் வடிவத்தைத் திருப்பிக் கொடுக்கிறது!

ஆக, போன் அனுப்புவது குரலை அல்ல. முறுக்கைப் பார்சல் கட்டாமல் அச்சை மட்டும் அனுப்பி, மாவை அங்கேயே பிசைந்துகொள்ளச் சொல்வது போல, குழாயின் வடிவம், துடிப்பின் வேகம், சத்தத்தின் அளவு ஆகியவற்றை மட்டும் அனுப்புகிறது. எதிர்முனைக் கணினி ஒரு செயற்கை வாயைக் கட்டி, அதில் ஊதுகிறது. மிகவும் கஞ்சத்தனமான வகையில் நொடிக்கு 2,400 பிட்டே போதும். புரியும், ஆனால் யார் பேசுகிறார் என்று தெரியாது. செல்போனுக்காக உருவாகி, அக்கால இணையப் போன் மென்பொருள்கள் பலவற்றிலும் இருந்த ஜி.எஸ்.எம். முறை, ஊகத்தில் தப்பிய மிச்சத்தையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பி 13,000 பிட்டில் ஆளை அடையாளம் காட்டியது. மூக்கு வழியாகவும் ஒலி போகும் என்பதை இந்தக் கிளையில்லாக் குழாய்க் கணக்கு சேர்த்துக்கொள்வதில்லை. நம் மெல்லின எழுத்துகளுக்கு அதனால் கொஞ்சம் நஷ்டம். கணக்கே மனித வாய்க்குப் போட்டதுதான் என்பதால், நாதஸ்வரம் இதில் ஏன் நாராசமாகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

சுருக்கியும் தொல்லை தீரவில்லை. இணையத்தில் எதுவும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் போய்ச் சேர வேண்டிய விலாசம் முதலான விவரங்களுக்கே குறைந்தது 28 பைட், அதாவது 224 பிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்றால் விலாசத்துக்கு மட்டுமே நொடிக்கு 11,200 பிட். அதனால் பல துண்டுகளைச் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பினார்கள். சேரும்வரை காத்திருந்ததில் பேச்சு தாமதமானது. அப்படிப்பட்ட ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் பல துண்டுகள் ஒரேயடியாகப் போச்சு. திரும்ப அனுப்பச் சொல்ல நேரமில்லை, தாமதமாக வந்த சொல்லால் பயனுமில்லை. எனவே பெறும் கணினி கடைசியாக வந்த வாய் வடிவத்தையே வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கும். உயிருள்ள வாய் அப்படி உறைந்து நிற்பதில்லை. வாசகர் கேட்ட ரோபோ இதுதான். இன்றைய மென்பொருள்கள் இன்னும் நயமாகச் சமாளிக்கின்றன, ஆனால் ஸ்கைப்புக்காக எழுதப்பட்ட சில்க், அதை உள்ளே வைத்திருக்கும் ஓபஸ் என்ற குரல் சுருக்கும் முறைகளும் இதே வம்சம்தான்.

இந்தக் கணக்கை 1960-களின் பிற்பகுதியில் வளர்த்தவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியியல் கற்பித்துவிட்டு 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனவர். ஜப்பானின் இடாகுரா தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். 1974-இலேயே அமெரிக்க ராணுவ நிதியில் நடந்த, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இம்முறையால் பேசிப் பார்த்துவிட்டார்கள். பெல் ஆய்வகம் அன்று ஏ.டி.அண்ட்.டி. தொலைபேசி நிறுவனத்துடையதாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. தன் தொழிலையே அரிக்கப்போகும் கணக்குக்கு அந்த நிறுவனமே சம்பளம் கொடுத்திருக்கிறது. ‘இதனால் நமக்கு என்ன லாபம்’ என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மற்ற கம்பெனிகள் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. 1996 மார்ச்சில் அமெரிக்கச் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று, இத்தகைய மென்பொருளின் விற்பனையையே நிறுத்தக் கோரி அரசிடம் மனுப் போட்டது, தடை வரவில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அதில் போன் பேசச் சட்டம் அனுமதித்தது 2002 ஏப்ரல் 1. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்ததும் அதே தேதிதான். தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. அப்போதும் கணினியிலிருந்து அமெரிக்காவில் உள்ள போனைக் கூப்பிடலாம், அடுத்த தெருவில் உள்ள போனைக் கூப்பிடக் கூடாது.