கடற்கரைக்காரர்கள் போன் வாங்கும்போது

ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை எந்தப் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணே, வாட்டர்புரூப் என்று சொல்லித்தானே விற்றார்கள், பிறகு எப்படிக் கெட்டது?" பெட்டியில் ஐபி68 என்று அச்சிட்டிருப்பதை நம்பி, அக்னி தீர்த்தத்தில் போனோடு முழுக்குப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஐபி என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின்படி தரப்படும் எண். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆழத்தையும் நேரத்தையும் கம்பெனியே சொல்லும். சோதிப்பது புத்தம்புதிய போனை, அதுவும் நல்ல தண்ணீரில். கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இது கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் நீர்ச்சேதத்தைப் பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. பல போன்களில் சிம் தட்டு நுழையும் பொந்துக்குள் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். பழைய போன் வாங்குகிறவர்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரி இணைப்பில் இருக்கும் போர்டில் (போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில்) அது பட்டால் மின்பகுப்பு தொடங்கிவிடும். செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறும். அந்த நேரத்தில் போனை ஆன் செய்து பார்ப்பதும் சார்ஜ் போடுவதும்தான் பாதிப் போன்களைக் கொல்கின்றன. மீதியைக் கொல்வது அரிசிப் பானை. அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே சொன்னது. அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலில் விழுந்து, "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குப் போன போன், வாடைக்காற்று வீசும் மாதத்தில் செத்துப்போவது இப்படித்தான்.

கடலில் விழுந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இதுவரை திறக்கப்படாத, நீர்த்தடுப்பு உள்ள போனானால், வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். முன்பே கழற்றிப் பழுதுபார்த்த போனுக்கு அந்த அலசலும் கூடாது. எதுவானாலும் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்: பேட்டரி இணைப்பைப் பிரித்து, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். திறந்த போனைப் புதிய பசைநாடா ஒட்டி மூடினார்களா என்றும் கேளுங்கள். பசை போனால் ஐபி68உம் போயிற்று.

கடலில் இறங்காத போனுக்கும் இங்கே நிம்மதி இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டத்தை நிறுத்தியதற்குத் துரு முக்கியக் காரணம். பாலத்தைத் துருப்பிடிக்க வைத்த அதே உப்புக்காற்றுதான் சட்டைப்பையில் இருக்கும் போனின் சார்ஜிங் பின்னிலும் படிகிறது. நனையாத போனில் "ஈரம் உள்ளது" என்று எச்சரிக்கை வருவதற்கு இந்த உப்புத்தூசியும் ஒரு காரணம்.

அதனால் வாங்குவதற்கு முன் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி கேமராவைப் பற்றியது அல்ல. (200 மெகாபிக்சலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்புவதற்கு எதற்கு அவ்வளவு பணம்?) சார்ஜிங் பின் தனிச் சிறிய போர்டில் இருக்கிறதா, மெயின் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தனிப் போர்டு என்றால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். மெயின் போர்டு என்றால் வேலையும் அதிகம், ஆபத்தும் அதிகம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் மாடல் பெயரைச் சொன்னால் போதும். அடுத்த கேள்வி, டிஸ்ப்ளே பேனலும் பேட்டரியும் ராமநாதபுரத்தில் கிடைக்குமா, மதுரைக்குப் போக வேண்டுமா என்பது. பெயர் கேள்விப்படாத போனை ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கி உதிரிபாகத்துக்கு அலைகிறவர்கள், மிச்சப்படுத்திய பணத்தைப் பஸ்ஸிலேயே தொலைக்கிறார்கள்.

 

படகில் போகிறவர்களுக்கு ஒன்று. டவர் கிடைக்காத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிடமிருந்து நேராகச் சிக்னல் வாங்குகிறது. வரைபடத்துக்குத்தான் இணையம் வேண்டும். அதைக் கரையிலேயே தரவிறக்கிக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்தவெளியில் நடந்து பாருங்கள். நெட்வொர்க் உதவி இல்லாததால் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். அதன்பின் புள்ளி உங்களோடு நகர்ந்தால் சரி. கரையோடு பேசுவதற்குப் படகில் இருக்கும் விஎச்எப் ரேடியோ கருவிக்கு இது மாற்று ஆகாது. டவர் இல்லாத இடத்தில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று போன் உங்களுக்குச் சொல்லும், கரைக்குச் சொல்லாது.