சென்சிபிலிட்டி: தமிழில் எந்தச் சொல்?

ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811-இல் வந்தது. பெயர் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. ‘அறிவும் உணர்ச்சியும்’ என்று அதைத் தமிழாக்கிவிட்டால் பெரிய குற்றமில்லை. அக்கா எலினார் எதையும் யோசித்துச் செய்பவள், தங்கை மேரியான் மனம் போன போக்கில் போகிறவள். கதைக்குப் பொருந்திவிடும். ஆனால் இதே சென்சிபிலிட்டி கவிஞரும் விமர்சகருமான டி. எஸ். எலியட்டின் கட்டுரையில் வரும்போது ‘உணர்ச்சி’ என்று போட்டால், அவர் சொல்ல வந்தது தலைகீழாகிவிடும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சென்டீரே’ என்ற வினைக்குப் புலன்களால் அறிதல், மனத்தால் உணர்தல், கருதுதல் என எல்லாமே பொருள். அதனால்தான் அதன் வழிவந்த சொற்கள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. சென்டிமென்ட் ஒரு பக்கம் என்றால், நீதிபதி வழங்கும் தண்டனையைக் குறிக்கும் ‘சென்டென்ஸ்’ இன்னொரு பக்கம். (நம் ஊரில் பட பூஜைக்கு நாள் பார்ப்பதும் சென்டிமென்ட்தான், அது தனிக் கதை.) ஆஸ்டின் எதிரெதிரே நிறுத்திய இரண்டு சொற்களும், அந்த இரண்டு பெண்களைப் போலவே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆங்கிலத்தில் சென்சிபிலிட்டி முதலில் வெறும் புலனுணரும் ஆற்றலைத்தான் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் அது பிறர் துயரம் கண்டு உருகும் மனம் என்று ஆனது. உருகினால் போதாது, அழவும் வேண்டும். ஹென்றி மெக்கன்சி 1771-இல் எழுதிய ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’ நாவலில் ஆட்கள் அவ்வளவு அழுகிறார்கள். 1886-இல் வந்த பதிப்பில் எந்தப் பக்கத்தில் யார் கண்ணீர் விடுகிறார்கள் என்று கிண்டலாக ஓர் அட்டவணையே போட்டார்கள். ஆஸ்டின் சிரித்ததும் இந்தக் கண்ணீர் மோகத்தைப் பார்த்துத்தான்.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் ‘லிரிக்கல் பேலட்ஸ்’ கவிதைத் தொகுப்புக்கு 1800-இல் எழுதிய முன்னுரையைப் பலரும் பாதிதான் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல கவிதையெல்லாம் வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது என்பது அந்தப் பாதி. வாக்கியம் அங்கே முடியவில்லை. மதிப்புள்ள கவிதையை எழுதியவன் சாதாரண மனிதரைவிட மிகுந்த சென்சிபிலிட்டி உள்ளவன், அதோடு நீண்ட காலம் ஆழ்ந்து சிந்தித்தவனும்கூட என்று அது தொடர்கிறது. பொங்கல் பானையை மட்டும் பார்த்துவிட்டு அடுப்பை மறந்துவிட்டோம்.

எலியட்டிடம் வருவோம். 17-ஆம் நூற்றாண்டுக் கவிதைகளை கிரியர்சன் தொகுத்த நூலுக்கு 1921-இல் எழுதிய மதிப்புரையில்தான் ‘டிஸ்ஸோசியேஷன் ஆஃப் சென்சிபிலிட்டி’ என்ற தொடர் வருகிறது. சேர்ந்தே இயங்கிய எண்ணமும் உணர்வும் தனித்தனியாகப் பிரிந்துபோவது என்று பொருள். அந்த நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னுக்கு ஓர் எண்ணம் என்பதே ஓர் அனுபவம், அது அவருடைய சென்சிபிலிட்டியை மாற்றியது என்கிறார். டன்னின் பிரிவுக் கவிதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் போகிறவன் தன்னையும் காதலியையும் கவராயத்தின் இரண்டு கால்களாகச் சொல்கிறான், நம் பள்ளிக்கூட காம்பஸ்தான். நடுவில் ஊன்றிய கால் அவள். மற்றது சுற்றப் போகும்போது இதுவும் அதன் பக்கம் சாய்கிறது, அது திரும்பியதும் நிமிர்கிறது. கணக்குப் பெட்டியிலிருந்து எடுத்த பொருள், ஆனாலும் அந்தச் சாய்வில் ஏக்கம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒட்டாத கருத்துகளை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்றார். எலியட் அதே நுகத்தைப் பாராட்டினார்.

அப்புறம் என்ன ஆனது? அந்த நூற்றாண்டிலேயே எண்ணமும் உணர்வும் பிரிந்துவிட்டன, மில்டனும் டிரைடனும் அதை மோசமாக்கினார்கள் என்பது அவர் கட்சி. கடைசியில் கீட்ஸும் ஷெல்லியும் இறந்துபோனார்கள், டென்னிசனும் பிரவுனிங்கும் அசைபோட்டார்கள் என்று ஒரு குத்து வேறு. அவர் போட்ட வினைச்சொல்லும் மாடு செய்கிற அதே வேலைதான். தமிழில் அசைபோடுவது அவ்வளவு கெட்ட பழக்கமில்லை என்பதால் குத்து நமக்குக் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. எலியட்டே 1947-இல் மில்டன், டிரைடன் மீது பழி போட்டது தவறு என்று இறங்கிவந்தார். 1956-இல், தன்னுடைய சில தொடர்கள் உலகில் சங்கடப்படும் அளவுக்கு வெற்றி பெற்றுவிட்டன என்றார். ஆனால் டன்னை எப்படிப் படிப்பது என்பதற்கு அந்தத் தொடர் இன்னும் உதவுகிறது.

சரி, தமிழ்ச் சொல்? ‘உணர்திறன்’ கேமராவுக்கும் சென்சாருக்கும் போய்விட்டது. ‘உணர்வு’ ஒரு காலத்தில் மிகச் சரியாக இருந்திருக்கும். ‘ஓதி உணர்ந்தும்’ என்று வள்ளுவர் சொல்லும்போது உணர்தல் என்பது அறிவால் புரிந்துகொள்வது. அதே நூலில் ‘ஊடல் உணர்தல் புணர்தல்’ என்று வரும்போது அது ஊடல் நீங்கி மனம் இணங்குவது. ஒரே வினை, லத்தீன் வினையைப் போலவே, இரண்டு வேலையும் செய்திருக்கிறது. இன்றோ அறிவுக்கு எதிர்ப்பக்கம் என்றாலே உணர்வு என்று நாமும் பிரித்துவிட்டோம்.

அதனால் என் தேர்வு, சிறுபத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே புழங்கும் ‘நுண்ணுணர்வு’. ‘நுண்மாண் நுழைபுலம்’, ‘நுண்ணறிவு’ ஆகியவற்றில் வரும் ‘நுண்’ அறிவின் பக்கம் இழுக்கும். ‘உணர்வு’ மனத்தின் பக்கம் இழுக்கும். ஒரு சொல்லுக்குள் இரண்டும் வந்துவிடுகின்றன. டிஸ்ஸோசியேஷனுக்கு ‘பிளவு’ என்றால் சுவரில் விரிசல் விட்டதுபோல் இருக்கிறது. வேதியியல் பாடப்புத்தகத்தில் இதே சொல்லுக்கு ‘பிரிகை’ என்று போட்டிருப்பார்கள். பிரிந்தவை மறுபடி சேரவும் கூடும் என்ற பொருள் அதில் தங்குகிறது. கவிஞனின் மனத்தை பிளாட்டினம் வினையூக்கிக்கு ஒப்பிட்டவர் எலியட், ‘நுண்ணுணர்வுப் பிரிகை’ என்றால் அவர் கோபிக்க மாட்டார். ஆஸ்டினின் தலைப்புக்கு மட்டும் நுண்ணுணர்வு வேண்டாம். மேரியானுக்கு ‘மனநெகிழ்ச்சி’தான் பொருந்தும்.