பவர் என்றால் வலு

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் தன் போனைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை. “மாமா, இதைக் கூட்டினா எது கூடும், எது குறையும்? எனக்கு விளங்கேல்லை” என்றான். தலைப்பு ‘தொடு உணர்திறன்’. கீழே இந்த வரி: ‘தொடு செயல்திறன் மற்றும் திறன் நுகர்வைச் சமநிலைப்படுத்தவும்.’

இரண்டு வரிக்குள் மூன்று திறன். இதில் கடைசித் திறன்தான் பிழை. ‘பவர்’ என்பதற்குத் திறன் என்று போட்டிருக்கிறார்கள். இதை எத்தனையோ இடத்தில் பார்த்துச் சும்மா இருந்தாயிற்று. இயற்பியல் படிக்கிற பிள்ளைக்கே விளங்காமல் போன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த வரி என்ன சொல்ல வந்தது என்று பார்ப்போம். தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கிற ஒவ்வொரு இடமும் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கிற ஒரு சின்னக் கொள்ளளவி. விரல் கிட்ட வந்தால் அங்கே தேக்கக்கூடிய அளவு, அதாவது கொள்ளளவம், துளியளவு மாறும். அந்த மாற்றத்தை ஒரு சில்லு திரை முழுக்கத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருக்கிறது. செக்கனுக்கு 60 தரம் தேடினால், ஒரு தேடலுக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 மில்லிசெக்கனுக்கு மேல் போய்விடும். 240 தரம் தேடினால் அது 4 மில்லிசெக்கன் அளவுக்கு இறங்கும். விரல் போகிற போக்கிலேயே கோடும் போகும். ஆனால் அத்தனை தேடலுக்கும் பற்றரிதான் கொடுக்க வேண்டும். மலிவான சார்ஜரைச் செருகியதும் திரை தானாகத் துள்ளுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். சார்ஜரிலிருந்து வருகிற மின் இரைச்சலை மீறி விரலைக் கண்டுபிடிக்க, கோடுகளுக்குக் கொடுக்கிற வோல்ற்றளவைக் கூட்டலாம். இரட்டிப்பாக்கினால் அந்தக் கோடுகளை ஓட்டுகிற செலவு நான்கு மடங்காகும். அதனால்தான் விரல் படாத நேரத்தில் மெதுவாகத் தேடு, பட்டதும் வேகமாகத் தேடு என்று சில்லுக்குச் சொல்லி வைக்கிறார்கள்.

ஆக, ஒரு பக்கம் தொடுகை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது. மற்றப் பக்கம் செக்கனுக்கு எத்தனை யூல் சக்தி செலவாகிறது என்பது. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், அதுதான் சிக்கல். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று யாருக்குப் புரியும்?

இலங்கைப் பாடநூலில் இதற்குச் சொல் இருக்கிறது: வலு. வேலை செய்யப்படும் வீதம் வலு. அதன் அலகு வாற்று. 746 வாற்று ஒரு பரிவலு, அதாவது ‘ஹோர்ஸ் பவர்’. ‘வல்’ என்ற வேரிலிருந்து வலி, வலிமை, வன்மை, வலு எல்லாம் வருகின்றன. திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். அங்கே வலி என்பது நோவு இல்லை, வலுத்தான். சட்டம் வலுவில் இருக்கிறது என்கிறோம். யாழ்ப்பாணத்தார் ‘வலு கெதியாய் வந்திட்டான்’ என்பார்கள், மிக விரைவாக வந்துவிட்டான் என்று பொருள்.

திறன் என்பது திறம் என்பதன் கடைப்போலி, அறம் அறன் ஆனது போல. வகை, தன்மை, ஆற்றும் வல்லமை என்று பொருள் விரியும். நல்ல சொல்தான், எனக்கு அதோடு பகை கிடையாது.

திறன்தான் சரி என்பவர்களின் முதல் வாதம், பவர் என்ற சொல்லே லத்தீனில் ‘இயலுதல்’ என்ற வினையில் பிறந்தது, ஆகவே இயலும் தன்மையைக் குறிக்கிற திறனே பொருத்தம் என்பது. ஆங்கிலச் சொல் எங்கே பிறந்தது என்பதைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பௌதிகவியலில் அந்தச் சொல் எதை அளக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். அது அளப்பது இயலுமையை அல்ல, நேரத்துக்கு இவ்வளவு என்று ஓடுகிற சக்தியை.

இரண்டாவது, வலு என்றால் பலம், அது விசையோடு குழம்பும் என்பது. விசைக்கு விசை என்ற சொல் இலங்கை, தமிழ்நாடு என்று இரண்டு கரையிலும் உறுதியாக இருக்கிறது. இங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விசை, வேலை, சக்தி, வலு என்று வரிசையாகப் படித்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். நான் படித்தபோதும் அது குழம்பவில்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோர் திறன் என்றே படிக்கிறார்கள் என்பது. இதை மதிக்கிறேன். வகுப்பறைக்குள், பக்கத்தில் வாட் என்ற அலகு இருக்கும்போது, அங்கே திறன் தெளிவாகத்தான் இருக்கும். வெளியே வந்தால் அந்தச் சொல் தலைக்கு மேல் சுமக்கிறது. திறன்பேசி என்றால் அதில் திறன் ‘ஸ்மார்ட்’. திறன் மேம்பாடு என்றால் தொழில் பயிற்சி. செயல்திறன், வினைத்திறன், விளைதிறன், உணர்திறன் என்று இன்னும் ஒரு பட்டாளம். இத்தனை பேருக்கு நடுவில் பவரையும் கொண்டுபோய் நிறுத்தினால், ‘திறன்பேசியின் திறன் நுகர்வுத் திறன்’ என்று கூட ஒருநாள் வரும். வலு அப்படிச் சிதறவில்லை. சும்மா இருக்கிற கூரான கத்தியை விட்டுவிட்டு மழுங்கியதை ஏன் எடுக்க வேண்டும்?

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. ‘எனர்ஜி’ என்கிற சக்திக்கு ‘வலுசக்தி’ என்று எழுதி, கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு சொல்லையும் நாங்களே ஒட்டிவிட்டோம். சக்தி என்றாலே போதும்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர்கள். திரையைக் காட்டாமல் தனித்தனி வரியாகக் கொடுத்து, சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், வேலை இப்படித்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிய வரியை ஒருதரம் வாய்விட்டு வாசித்தால் போதும், மூன்று திறனும் நாக்கில் இடறும். அதே போனில் இன்னொரு பக்கத்தில் ‘புதுப்பிப்பு விகிதம்’ என்று இருந்தது. செக்கனுக்கு எத்தனை தரம் என்பது வீதம். ஒன்றுக்கு ஒன்று எத்தனை மடங்கு என்பதே விகிதம். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை பிழையாக எழுதினால் புள்ளி வெட்டுவோம்.

செயல்திறனுக்கு இங்கே அமைச்சு அறிக்கைகளில் ‘செயலாற்றுகை’ என்று போடுகிறார்கள். தொழினுட்ப ஆவணம் என்றால் ‘தொடுகைச் செயலாற்றுகையும் வலு நுகர்வும்’ என்று எழுதலாம், ஒரு மயக்கமும் வராது. போனை வைத்திருக்கிற ஆளுக்கு அதுவும் தேவையில்லை. மருமகனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ‘தொடுகை வேகத்தைக் கூட்டினால் பற்றரி கெதியாக இறங்கும்.’ வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தில் நடுவில் இருந்த அளவைத் தெரிவுசெய்து, போனை மேசையில் வைத்தான்.