மருந்தாளுநரின் ஆலோசனைக்கு மெடிகேர் பணம் தருமா?

அமெரிக்காவில் மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் தினமும் எட்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்று வையுங்கள். அதில் இரண்டு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநர் அதைக் கவனித்து, டாக்டரிடம் பேசி, ஒன்றை நிறுத்த வைக்கிறார். இந்த வேலைக்கு அவர் மெடிகேருக்குத் தன் பெயரில் பில் அனுப்ப முடியாது. மாத்திரையைக் கொடுத்தால் கடைக்குப் பணம் வரும். நிறுத்தினால் அந்த வருமானமும் போய்விடும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. டாக்டர் வருகை போன்ற வெளிநோயாளிச் செலவுகளைப் பார்ப்பது மெடிகேரின் பார்ட் பி. யார் யாருக்கு அது பணம் தரலாம் என்பதை சமூகப் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. டாக்டர்கள், நர்ஸ் பிராக்டிஷனர்கள் (மேல்படிப்பு படித்து, சிகிச்சை தரும் நர்ஸ்கள்), மனநல உளவியலாளர்கள் அதில் உண்டு. 2024 ஜனவரியில் குடும்பநல ஆலோசகர்களும் சேர்ந்தார்கள். மருந்தாளுநர் இல்லை. அவர்களில் பலர் கல்லூரியில் ஆறு வருடமோ அதற்கு மேலோ படித்து முனைவர் நிலைப் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், எவ்வளவு படித்திருந்தாலும் பார்ட் பி-யில் சொந்தமாக பில் போட முடியாது.

ஒரு சுற்றுவழி உண்டு. டாக்டரின் கிளினிக்கிலேயே வேலை பார்க்கும் மருந்தாளுநர் நோயாளியைப் பார்த்தால், டாக்டரின் மேற்பார்வையில் நடந்த சேவை என்று டாக்டர் பெயரில் பில் போடலாம். பெரும்பாலும் மிகக் குறைந்த நிலைக் கட்டணம்தான் கிடைக்கும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சுகர், பிரஷர், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துப் பேசினாலும் அதே கதைதான். தனியாக இயங்கும் மருந்துக்கடைக்கு இந்த வழி கிட்டத்தட்ட பயன்படாது. தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு: ஃப்ளூ, நிமோனியா, கோவிட் ஊசிகளைக் கடையிலேயே போட்டால், மருந்துக்கும் ஊசி போடும் வேலைக்கும் பார்ட் பி கடைக்குப் பணம் தருகிறது.

சரி, நோயாளிக்கு இப்போதே கிடைக்கக்கூடியது எது? நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு உரிமை பார்ட் டி-யில் இருக்கிறது. மருந்துச் செலவைப் பார்க்கும் இந்தப் பிரிவு 2006-ல் தொடங்கியபோதே, ஒவ்வொரு காப்பீட்டுத் திட்டமும் மருந்துச் சிகிச்சை மேலாண்மை என்ற இலவசச் சேவையை நடத்த வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பல நாள்பட்ட நோய்கள், பல மருந்துகள், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருடாந்திர மருந்துச் செலவு, இந்த மூன்றும் சேர்ந்தவர்களைத் திட்டமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025-ல் அந்தச் செலவு வரம்பு 1,623 டாலராக இருந்தது. எத்தனை மருந்து இருக்க வேண்டும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஆனால் எட்டுக்கு மேல் வேண்டும் என்று எந்தத் திட்டமும் கேட்க முடியாது. சுகர், ரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா போன்ற மூச்சு நோய்கள், மூட்டு நோய்கள், அல்சைமர் எல்லாம் கணக்கில் வரும்.

சேர்ந்தவருக்கு வருடத்துக்கு ஒருமுறை முழு மருந்து ஆய்வு நடத்தித் தர வேண்டும். நேரில் இருக்கலாம், போனிலோ வீடியோவிலோ கூட இருக்கலாம். டாக்டர் எழுதியது மட்டுமில்லாமல், கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை, விட்டமின், மூலிகை மருந்து வரைக்கும் எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆய்வின் பயனே பாதியாகிவிடும். முடிந்து 14 நாட்களுக்குள், என்னென்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் முழு மருந்துப் பட்டியலும் எழுத்தில் வரும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இந்தச் சேவைக்கான அழைப்பு திடீரென்று வரும்போது ஏதோ விளம்பரம் என்று போனை வைத்துவிடத் தோன்றும். சந்தேகம் இருந்தால் வைத்துவிடுங்கள், தப்பில்லை. அப்புறம் காப்பீட்டு அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, 'மருந்து ஆய்வுக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா' என்று கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. வயதான அப்பா அம்மாவுக்காக இந்த ஒரு போனைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மெடிகெய்டில் நிலைமை வேறு. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்துவதால், மருந்தாளுநருக்குச் சேவைக் கட்டணம் தருவதை மாநிலமே முடிவு செய்யலாம். கலிஃபோர்னியா 2016-ல் அதற்குச் சட்டம் போட்டது. கருத்தடை மாத்திரை, புகையை விட உதவும் நிக்கோட்டின் மருந்து, போதை மருந்து அளவு மீறினால் உயிர் காக்கும் நலோக்சோன் போன்றவற்றை மருந்தாளுநரே நேரடியாகத் தரும்போது, அந்தச் சேவைக்கு டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் அங்கே கிடைக்கிறது. ஒஹாயோவும் பணம் தருகிறது. ஆகவே ஒரு மாநிலத்தில் கிடைப்பது பக்கத்து மாநிலத்தில் கிடைக்காமல் போகலாம்.

இதற்கெல்லாம் பணம் கொடுப்பது வீண் செலவா என்று கேட்பவர்களுக்கு, 2018-ல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்றைக் காட்டலாம். முடிதிருத்தும் கடைகளுக்கு வரும், ரத்தக் கொதிப்பு கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, டாக்டர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மருந்தாளுநர்கள் அந்தக் கடைகளுக்கே வந்து மருந்து எழுதினார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் பெற்று, டாக்டரைப் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இறங்கியது சுமார் 9 புள்ளி. இந்த அளவு வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

மருந்தாளுநரைப் பார்ட் பி-யில் சேர்க்க 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. டாக்டர்கள் குறைவாக உள்ள பகுதிகளுக்கு மட்டும் என்ற வரம்போடு எழுதப்பட்ட மசோதா அது. அது நிறைவேறவில்லை, பிறகும் காங்கிரஸ் புதிதாகக் கூடியபோது திரும்பத் திரும்ப அறிமுகமானது. ஒரு முழு மாவட்டத்துக்கே டாக்டர் தட்டுப்பாடு இருக்கும்போது, அங்கே தினமும் திறந்திருக்கும் மருந்துக்கடையின் அறிவைப் பணம் கொடுத்து வாங்கத் தயங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பார்ட் டி திட்டம் தகுதி இல்லை என்று சொன்னால், உங்கள் டாக்டரின் கிளினிக்கில் மருந்தாளுநர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பல பெரிய கிளினிக்குகளில் இருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்தவர் என்றால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் மருந்தாளுநர்கள் சம்பளத்தில் இருப்பதால், இந்த பில் சிக்கல் அங்கே எழாது. எந்தத் திட்டம் எதைத் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிகேர் பயனாளிகளுக்கு இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. காப்பீட்டை விற்பது அவர்கள் வேலை இல்லை என்பதால் தைரியமாகக் கேட்கலாம். திட்டத்தை மாற்ற நினைப்பவர்கள் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்துக்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.