பாலத்துக்கு அடியில் மட்டும் தெளிவாகக் கேட்பது ஏன்?

டாலஸில் இருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பழைய மினிவேன் ஒன்று வாங்கியிருக்கிறார். கூரையிலிருந்து மடக்கி இறக்கும் திரை, கம்பியில்லாத இரண்டு ஹெட்போன், எல்லாம் வண்டியோடு வந்தவை. மதியத்துக்கு மேல் கிளம்பி ஹூஸ்டனுக்குப் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்த மகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வலது பக்கம் உட்கார்ந்த மகனுக்கு மட்டும் ஒரே கரகரப்பு. ஹெட்போன்களை மாற்றிப் போட்டுப் பார்த்தாராம், அப்போதும் வலது பக்கம் இருப்பவருக்குத்தான் கரகரக்கிறது. இரவில் யாருக்கும் பிரச்சினை இல்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி: "பாலத்துக்கு அடியில் போகும்போது மட்டும் ஒரு நொடி சுத்தமாகக் கேட்கிறது என்கிறான்."

அந்தப் பையனை நான் மனதாரப் பாராட்டுகிறேன். விடையில் பாதியை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

முதலில் அந்த வண்டிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால் இருப்பவர்கள் ஸ்பீக்கரில் ரேடியோ கேட்கலாம், பின்னால் இருப்பவர்கள் ஹெட்போனில் படம் பார்க்கலாம், ஒன்று இன்னொன்றைத் தொந்தரவு செய்யாது. ஹெட்போனில் ஏ, பி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பிள்ளை ஏ-யில் கார்ட்டூன் கேட்கும்போது பக்கத்துப் பிள்ளை பி-யில் வேறு ஏதாவது கேட்கலாம். புளூடூத்போல எதையும் எதனோடும் இணைத்துப் பழக்க வேண்டியதில்லை, பேட்டரி போட்டு பட்டனை அமுக்கினால் போதும், அவ்வளவுதான். இதில் வியப்பு என்னவென்றால், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு நிகழ்ச்சிக்கும் சேர்த்து நான்கு ஒலிகள் அந்தச் சின்ன அறைக்குள் ஒரே நேரத்தில் பரவிக்கிடக்கின்றன, ஆனால் அவற்றை எடுத்துவருவது ரேடியோ அலை கிடையாது, வெளிச்சம்.

நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். டிவி ரிமோட்டில் இருக்கும் அதே அகச்சிவப்பு. திரையின் விளிம்பில் கறுப்பாக, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதற்குப் பின்னால்தான் எல்.இ.டி.க்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இருட்டில் மொபைலின் செல்ஃபி கேமராவை அதன் பக்கம் திருப்பினால் லேசான ஊதா நிறத்தில் புள்ளிகள் தெரியும். நம் கண் பார்க்காததைப் பல மொபைல் கேமராக்கள் கொஞ்சம் பார்க்கும்.

அக்கா பையன் காலில் மிதித்து உடைத்த ஒரு ஹெட்போனை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். காது மூடியின் வெளிப்பக்கத்தில் அதே மாதிரி ஒரு கறுப்புச் சில்லு. சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலும் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ரிமோட்டை அதற்குப் பின்னால் வைத்து அமுக்கினேன், டிவி உடனே அணைந்தது. நமக்குக் கறுப்பாகத் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் அகச்சிவப்புக்கு வெறும் கண்ணாடி. அதன் அடியில் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சதுரம், போட்டோடையோடு. வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் தரும், வெளிச்சம் கூடினால் மின்னோட்டமும் கூடும். கேட்பதற்கு இது ஒன்று போதும்.

வெளிச்சத்தில் குரலை ஏற்றி அனுப்பலாம் என்பது புதிய யோசனையே இல்லை. அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவர் உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் 1880-லேயே வாஷிங்டனில் செய்து காட்டிவிட்டார்கள். மெல்லிய கண்ணாடி ஒன்றில் சூரிய ஒளியைப் பட வைத்து, கண்ணாடியின் முதுகில் பேசுவார்கள். குரலுக்கு ஏற்ப கண்ணாடி அதிரும், எதிரொளிக்கும் வெளிச்சம் கூடிக் குறையும், ஏறக்குறைய 213 மீட்டர் தள்ளி இருந்த செலினியம் அதை மறுபடி மின்சாரமாக்கி, குரலாக்கிவிடும். தொலைபேசியைவிட இதையே தன் பெரிய கண்டுபிடிப்பாக பெல் நினைத்தார். அந்தச் செலினியத்துக்கு வெளிச்சம் புரியும் என்பது எப்படித் தெரிந்தது? 1873-ல் வில்லோபி ஸ்மித் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் செலினியத் துண்டுகளைப் பயன்படுத்தினார், அவை பகலில் ஒரு மாதிரியும் இருட்டில் வேறு மாதிரியும் மின்சாரத்தை விட்டன. அவர் "ஏன் இப்படி" என்று நின்று பார்த்தார். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆதங்கம் வரும். நம் நாட்டில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை, அந்தக் கொஞ்சப் பணத்தைக் கேட்டுப் போகிறவரிடமும் "இதனால் உடனே என்ன பயன்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். செலினியத் துண்டு ஏன் பகலில் மாறுகிறது என்று பார்ப்பதால் என்ன பயன் என்று 1873-ல் யார் கேட்டிருந்தாலும் ஸ்மித்திடம் பதில் இருந்திருக்காது.

சரி, வண்டிக்கு வருவோம். பெல் செய்தது போல வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து அனுப்பினால் காருக்குள் வேலைக்கு ஆகாது. பிள்ளை தலையைத் திருப்பினாலே டையோடில் விழும் வெளிச்சம் குறையும், உடனே சத்தமும் குறையும். சாலையோரத்து மரநிழல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தமாகக் கேட்கும். பழைய மத்திய அலை ரேடியோவில் மின்னல் அடித்தால் "கரக்" என்று கேட்குமே, அது மாதிரி.

இதற்கு மாற்று வழியை 1933-ல் காப்புரிமை பெற்றுக் கொடுத்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். பள்ளியில் படித்த அதிர்வெண் பண்பேற்றம்தான், எஃப்.எம். (இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23-ல்.) கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மீனவர் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், பனிமூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிமிடத்துக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பது மாறவே மாறாது. வெளிச்சம்தான் மங்கும், எண்ணிக்கை மங்காது. ஆகவே சேதியைப் பிரகாசத்தில் வைக்காமல் மினுக்கும் எண்ணிக்கையில் வைத்துவிட்டால், வழியில் யாரும் அதைக் கெடுக்க முடியாது.

திரையில் இருக்கும் எல்.இ.டி. அதைத்தான் செய்கிறது. ஏ-யின் இடது காதுக்கு நொடிக்கு 23 லட்சம் தடவை மினுக்குகிறது, வலது காதுக்கு 28 லட்சம் தடவை. பி-க்கு 32 லட்சமும் 38 லட்சமும். காரில் வரும் பெரும்பாலான ஹெட்போன்களில் இந்தக் கணக்குதான், அதனால்தான் ஒரு கம்பெனியின் ஹெட்போன் இன்னொரு கம்பெனியின் திரையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பாட்டின் அலை மேலே எழும்போது மினுக்கும் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், கீழே இறங்கும்போது கொஞ்சம் குறையும், அந்தக் கூடுதல் குறைவுதான் பாட்டு. நான்கு மினுக்கலும் ஒரே வெளிச்சத்தில் கலந்து வந்தாலும் ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் தனக்குரிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தள்ளினால்தான் ஏறும், நேரம் தப்பித் தள்ளினால் ஏறாதல்லவா, அப்படி. அப்புறம், வேலிச் செடியின் தலையை மட்டமாகக் கத்தரிப்பதுபோல, வந்த அலையின் உச்சியை எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுகிறது ஒரு மின்சுற்று. மரநிழலும் தலைத் திருப்பலும் செய்த ஏற்ற இறக்கமெல்லாம் அந்த இடத்தில் கொட்டிப்போகும். மிச்சம் இருப்பது எண்ணிக்கை மட்டும்.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு சூரியன் எப்படிக் கெடுக்கிறது? சூரியன் நொடிக்கு 23 லட்சம் தடவை மினுக்குவதில்லை, சீராக எரிகிறது. மாறாத வெளிச்சம் மாறாத மின்னோட்டத்தைத்தான் தரும், அதை ஒரு மின்தேக்கி வைத்தே தடுத்துவிடலாம், தடுத்தும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மழை கேட்டிருக்கிறீர்களா? வானம் ஒரே சீராகத்தான் ஊற்றுகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் தலைக்கு மேலே "சோ"வென்று ஓர் இரைச்சல். மழை தண்ணீர்த் தகடாக இறங்கினால் அந்த இரைச்சல் வராது. அது துளிகளாக விழுகிறது, எந்தத் துளி எப்போது விழும் என்பதற்கு ஒழுங்கு கிடையாது, இந்தக் கணத்தில் 100 துளி விழுந்தால் அடுத்த கணத்தில் 92, அதற்கடுத்து 109. சராசரி மாறவில்லை, ஆனால் சராசரியைச் சுற்றிய இந்தத் தள்ளாட்டம்தான் நம் காதில் இரைச்சலாக விழுகிறது.

வெளிச்சமும் துளிகளாகத்தான் விழுகிறது. ஃபோட்டான்கள். போட்டோடையோடு ஒரு தகரக் கூரை. எவ்வளவு சீரான வெளிச்சத்தைக் காட்டினாலும் அதில் இருந்து வரும் மின்னோட்டத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தே தீரும், இது தயாரித்தவரின் குறை இல்லை, எத்தனை கோடி செலவு செய்தாலும் போகாது, இயற்கையே அப்படி. எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வருவதால் மின்னோட்டத்தில் இப்படி ஓர் இரைச்சல் இருக்கும் என்று 1918-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் வால்டர் ஷாட்கி. கணக்கும் எளிது. சராசரியாக 100 துளி விழுந்தால் தள்ளாட்டம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. பத்து லட்சம் துளி விழுந்தால் தள்ளாட்டம் 1000. இந்தத் தள்ளாட்டம் எல்லா வேகத்திலும் நடக்கிறது, நொடிக்கு 23 லட்சம் என்ற வேகத்திலும்தான். அதனால் எந்த வடிகட்டியாலும் அதை முழுக்கத் தடுக்க முடியாது, சூரியனின் வெளிச்சத்தைத் தடுத்த மின்தேக்கி அந்த வெளிச்சத்தின் இரைச்சலை உள்ளே விட்டுவிடுகிறது.

என் தோராயக் கணக்கில், நேர் வெயில் பட்டால் அந்தச் சதுரத்தில் மில்லியாம்பியர் அளவுக்கு மின்னோட்டம் வரும். திரையிலிருந்து வரும் மினுக்கல் தருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கொட்டும் மழையில் கூரையின் மேல் ஒருவர் விரலால் தாளம் தட்டுகிறார், அதை நீங்கள் உள்ளேயிருந்து எண்ண வேண்டும், அவ்வளவு பாடு அந்த ஹெட்போனுக்கு. பாலத்துக்கு அடியில் போன அந்த ஒரு நொடியில் மழை விட்டது. தாளம் கேட்டது. பெல் சூரியனைத் துணைக்கு அழைத்துப் பேசினார், இந்தப் பையனுக்கு அதே சூரியன் எதிரியாக வந்து நிற்கிறது.

கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாமல் திடீரென்று வருவதற்கும் காரணம் உண்டு. எஃப்.எம்.முக்கு ஒரு வாசற்படி இருக்கிறது. இரைச்சல் அந்தப் படிக்குக் கீழே இருக்கும்வரை எண்ணிக்கை தவறாது, பாட்டு கண்ணாடி மாதிரி கேட்கும். படியைத் தாண்டிவிட்டால் மின்சுற்று எண்ணுவதில் ஒன்றிரண்டைத் தவறவிடும், ஒவ்வொரு தவறும் காதில் "டக்" என்று விழும், அந்த டக்குகள் நெருங்கினால் கரகரப்பு.

எனக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஹெட்போன்களின் "கதிர்கள்" குழந்தைகளின் மூளையைச் சுடும், அதைத் தடுக்க ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று அதில் இருந்தது, ஸ்டிக்கருக்கு விலையும் போட்டிருந்தார்கள். படித்தவர்களே இதை நம்பி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஹெட்போன் கதிர் எதையும் வீசுவதில்லை, வருவதை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்கிறது. கூரைத் திரையிலிருந்து வரும் அகச்சிவப்பைவிட, சன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் படும் வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு எத்தனையோ மடங்கு அதிகம். பிள்ளைகளின் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் குழந்தைகளுக்கு 75 டெசிபல் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், வண்டியின் இரைச்சலை மிஞ்சப் பிள்ளைகள் வைக்கும் சத்தம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இப்போது வரும் வண்டிகளில் பல புளூடூத்துக்குப் போய்விட்டன. வெயில் அதைத் தொடாது என்பது உண்மை. ஆனால் புளூடூத் ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்புவதால் பல ஹெட்போன்களில் உதடு முன்னால் போகும், பேச்சு பின்னால் வரும். அகச்சிவப்பில் அந்தத் தாமதம் இல்லை. பக்கத்து வண்டியின் சேதி உங்கள் வண்டிக்குள் வந்து கலப்பதும் அநேகமாக நடக்காது. நான் இன்னும் பழையதன் பக்கம்தான்.

டாலஸ் வாசகருக்குச் செய்ய வேண்டியது: வலது சன்னலுக்கு வலைத்துணித் திரை ஒன்று மாட்டுங்கள், அங்கே மழை குறைந்தாலே போதும். கூரைத் திரையின் கறுப்புப் பட்டையை ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளின் கைரேகை அதில் ஏறியிருக்கும், தாளம் கொஞ்சம் பலமாகும். பேட்டரியைப் புதிதாகப் போடுங்கள். பல மாடல்களில் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினால் வாங்கும் சில்லு பின்பக்கம் திரும்பிவிடும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று. ஹூஸ்டன் உங்களுக்குத் தெற்கே இருக்கிறது, பிற்பகலில் சூரியன் மேற்கே, அதனால் போகும்போது வெயில் வலது பக்கம். அடுத்த தடவை அங்கிருந்து பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி வடக்கே வாருங்கள், சன்னல் திரையை மாட்டாமல். என் கணக்கு சரியென்றால் இந்த முறை கரகரப்பு இடது பக்கம் உட்கார்ந்தவருக்கு வர வேண்டும். பாலங்களை எண்ணும் வேலையைப் பையனிடமே கொடுங்கள், என்ன கேட்டது என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.