பூட்டைக் கழற்றும் நொதிகள்

சோள முளையும் மக்காச்சோள மாவும் கலந்து ஜூலு மக்கள் காய்ச்சும் உம்கொம்போத்தி என்ற மது, பானையில் நுரைத்துப் பொங்குவதை டர்பன் தமிழர்களாகிய நாம் பார்த்திருக்கிறோம். அந்த நுரை ஈஸ்டின் வேலை. கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவிலிருந்து பிரித்தெடுத்து 1893இல் விவரிக்கப்பட்ட வேறொரு ஈஸ்டுக்கு, சுவாகிலியில் அந்த மதுவைக் குறிக்கும் ‘பொம்பே’ என்ற சொல்லே இனப்பெயராயிற்று. உயிரணு பிரியும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சிடிசி25 என்ற பாஸ்பேட்டேஸ் (புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும்) நொதிக் குடும்பத்தின் கதை இந்தப் பொம்பேயில் தொடங்குகிறது.

பொம்பேயின் உயிரணு கோல் வடிவமானது. அது பருக்காமல் நீண்டு, ஏறத்தாழ 14 மைக்ரோமீட்டரை எட்டியதும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரிகிறது. ஆகவே நீளத்தைப் பார்த்தே கோளாறை அறியலாம். வெப்பம் கூடினால் சிடிசி25 செயலிழக்கும் வகையை 36 டிகிரியில் வளர்த்தால், உயிரணுக்கள் பிரிய மாட்டாமல் நீண்டுகொண்டே போகின்றன. வீ1 என்ற நொதி பழுதானாலோ, வழக்கமான அளவில் பாதியிலேயே பிரிந்துவிடுகின்றன. எடின்பரோவில் உயிரியலாளர் பால் நர்ஸ் 1970களில் கண்ட அக்குட்டி உயிரணுக்களுக்கு, ஸ்காட்லாந்து வழக்கில் சிறியது என்று பொருள்படும் ‘வீ’ என்றே பெயர் விழுந்தது.

இரண்டு நொதிகளும் இழுபறி நடத்துவது சிடிகே1 என்ற ஒரே புரதத்தின் மீது. சைக்ளின் என்ற துணைப் புரதத்துடன் சேர்ந்து பிரிவைத் தொடங்க அது ஆயத்தமாகும்போதே, அதன் 15ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் வீ1 ஒரு பாஸ்பேட்டைப் பூட்டிவிடுகிறது. அதைக் கழற்றுவதே சிடிசி25இன் பணி. விடுபட்ட சிடிகே1 சும்மா இருப்பதில்லை. சிடிசி25ஐ மேலும் முடுக்கி, வீ1ஐயும் அடக்குகிறது. அதனால் சில மூலக்கூறுகளில் தொடங்கிய விடுவிப்பு மடை திறந்தாற்போலப் பரவுகிறது. அரைகுறைப் பிரிவுக்கு இங்கே இடமில்லை.

மனித உயிரணுவில் ஏ, பி, சி என மூன்று சிடிசி25கள் உண்டு. டிஎன்ஏ சேதமுற்றால் சிஎச்கே1 என்ற காவல் நொதி, ஏ வகையின் மேல் பாஸ்பேட்டைப் பதிக்கிறது; பதிந்த புரதம் விரைவில் சிதைக்கப்படுகிறது. பாஸ்பேட்டைக் கழற்றுபவனுக்கே பாஸ்பேட் ஓலையாக வருவது, என் பார்வையில், இக்கதையின் சுவையான இடம்.

பல புற்றுநோய்களில் ஏ, பி வகைகள் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதால், அவற்றை அடக்கும் மருந்தைப் பலரும் தேடினார்கள். ஆனால் வேதிவினை நடக்கும் பள்ளம் ஆழமற்றது. மருந்து மூலக்கூறு பற்றி நிற்க அங்கே போதிய பிடிமானம் இல்லை.